முறுக்குக்காரி சும்மா இருக்கப் படித்த கதை

சும்மா இருப்பதற்கும் ஒரு காலத்தில் சர்க்காரில் தகுதி பார்த்தார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், பிள்ளைகளா. பரவாயில்லை. குருவம்மாளும் முதலில் நம்பவில்லை.

குருவம்மாள் ராஜபாளையத்தில் கைமுறுக்கு சுற்றி விற்றவள். அச்சில் போட்டுப் பிழிகிற முறுக்கு இல்லை. மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, திருகித் திருகி, வெள்ளைத் துணிமேல் வட்டம் வட்டமாக இறக்குகிற முறுக்கு. அவள் சுற்றினால் வட்டத்துக்கு வட்டம் இடைவெளி ஒரே சீராக இருக்கும். மில்லில் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வெள்ளம் மாதிரி வரும். அந்த இடியில் பெட்டிக்குள் பாதி முறுக்கு தூளாகிவிடும். தூளை யார் வாங்குவார்கள்? வீட்டில்தான் தின்று தீர்க்கவேண்டும். அவள் புருஷன் வேல்சாமி, அதே மில்லில் நூல் ஓட்டுகிறவன், கல்யாணமான நாளிலிருந்து முழு முறுக்கைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

சொந்தத் தொழிலில் சுகம் என்னவென்றால், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. கஷ்டமும் அதுவேதான். குருவம்மாளுக்குக் காய்ச்சல் வந்தால் லீவு கேட்கிறவளும் அவள்தான், கிடையாது போ என்கிறவளும் அவள்தான். ஒருதடவை பல்வலியில் கன்னம் வீங்கிக் கிடந்தபோது, "இன்னைக்கு ஒருநாள் படுத்துக்கிடுறேன்" என்று அவள் கெஞ்சுவதும், "மாவு புளிச்சிரும், எந்திரிட்டி" என்று அவளே அதட்டுவதும் வேல்சாமிக்குக் கேட்டது. வீட்டுக்குள் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தான்.

"எனக்கு ஒரு முதலாளி இருக்காரு. ஏசணும்னா மனசுக்குள்ள அவரை ஏசிக்கிடுவேன். நீ யாரை ஏசுவ?" என்று கேட்டான்.

"அதுக்குத்தான ஒங்களைக் கெட்டியிருக்கேன்" என்றாள் அவள்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவர் காலிசெய்துவிட்டுப் போன ஒரு சின்ன அறை இருந்தது. அதில் ஒரு கண்ணாடி அலமாரியை வைத்து உட்கார்ந்துவிட்டால் முறுக்கு முறுக்காகவே விற்கும். குருவம்மாளுக்கு ராத்திரி பகலாக இதே நினைப்பு. அறைக்காரர் ஐயாதுரை நல்ல மனுஷர்தான். ஆனாலும், "ஆவணி பொறக்குமுன்ன அட்வான்சோட வா தாயி. அதுக்குப் பொறவு லாட்டரிச் சீட்டுக்காரனுக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு ஜவுளிக்கடை மாடியில், மண்டலச் சுயதொழில் விழிப்பூட்டு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. சுயமாகத் தொழில் செய்கிறவர்களுக்குக் கடன் கொடுப்பார்கள் என்று போர்டில் எழுதியிருந்தது. வைகாசியில் ஒருநாள் குருவம்மாள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அலுவலர் ஞானதுரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா தொழில் செய்றீங்க?"

"முறுக்கு சுத்துறேன் சார்."

அவர் பேனாவை மூடிவிட்டார். "அப்ப ஒங்களுக்குக் கடன் கிடையாது."

"சுயதொழில் கடன்னு போட்டிருக்கே சார்?"

"ஆமா. சுயதொழில் கடன், சுயதொழில் இல்லாதவங்களுக்கு. ஏற்கெனவே தொழில் செய்றவங்களுக்கே குடுத்துக்கிட்டிருந்தா, தொழில் இல்லாதவன் என்னைக்குத் தொழில் செய்வான்? யோசிச்சுப் பாருங்க."

குருவம்மாள் யோசித்துப் பார்த்தாள். அது ஒரு பக்கம் சரி மாதிரியும் இருந்தது, இன்னொரு பக்கம் தலை சுற்றுகிற மாதிரியும் இருந்தது.

"நாளையிலருந்து முறுக்கை விட்டுட்டேன்னு வச்சுக்கோங்க?"

ஞானதுரை சிரித்தார். பாவம் என்கிற சிரிப்பு. "விட்டுட்டேன்னு வாயால சொன்னாப் போதுமாம்மா? வேலையின்மைங்கிறது ஒரு தகுதி. எம்புட்டுப் பேரு அதுக்கு மனுப் போட்டுத் தோத்திருக்காங்க தெரியுமா? சேத்தூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு, பாக்க அப்படியே வேலையத்தவர் மாதிரிதான் இருந்தாரு. நேர்ல போய்ப் பாத்தா வீட்டுல கோழி முட்டை போட்டுக்கிட்டிருக்கு! அது உற்பத்தி இல்லையா? இந்த ஆபீஸ் தொறந்து இதுவரைக்கும் ஒருத்தருக்கும் கடன் குடுக்கல. அம்புட்டு நேர்மையா நடத்திக்கிட்டிருக்கோம்."

கடைசியில், மனு வாங்கிக்கொள்வது என்றும், ஆவணிக்குள் அவள் தொடர்ந்து சும்மா இருக்கிறாளா என்று துறை திடீர் திடீரென்று வந்து பார்க்கும் என்றும், தேறிவிட்டால் கடன் என்றும் முடிவாயிற்று.

"எப்ப சார் வருவீங்க?"

"திடீர்னுதான் வருவோம். செவ்வாயும் வெள்ளியும், பதினொண்ணரைக்கு. ஆபீசருக்கு அந்த பஸ்தான் வசதி."

பிள்ளைகளா, வேலை செய்வது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை, கை தானே செய்துவிடும். சும்மா இருப்பதுதான் அந்தப் பெண்ணுக்கு மலையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை எண்ணெய் வாசம் போக வீட்டைச் சாணி போட்டு மெழுகினாள். மாவு டின்னைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பாயை விரித்து நடுவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் விரல் தானாகச் சேலைத் தலைப்பைத் திருக ஆரம்பித்தது. தலைப்பைப் பிடுங்கிச் செருகினால், விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை எடுத்துச் சுற்றியது. அதைத் தூக்கி எறிந்தால், வெறும் காற்றைச் சுற்றியது.

பதினொன்றரைக்கு உதவி அலுவலர் பொன்னுராஜ் வந்தார். குடையை மடக்கி ஓரமாக வைத்து, ஃபைலின் நாடாவை அவிழ்த்துப் பாயில் போட்டுவிட்டுக் கேள்விகளை வாசித்தார்.

"காலையில எந்திரிச்சதும் என்ன செய்றீங்க?"

"ஒண்ணுமில்ல சார்."

"பொறவு?"

"பொறவும் அதேதான்."

"மனசுக்குள்ள தொழில் பத்தி நெனப்பு வருதா?"

"வராது சார். வந்தா வெரட்டிருவேன்."

பொன்னுராஜுக்குத் திருப்தி. ஃபைலைக் கட்டலாம் என்று நாடாவைத் தேடினார். நாடா குருவம்மாள் முழங்காலுக்குப் பக்கத்தில், ஐந்து சுற்று, அழகான ஒரு முறுக்காகப் படுத்திருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். சுற்று எத்தனை என்று விரல் வைத்து எண்ணினார். பிறகு ஃபைலில் எழுதினார்: "மனுதாரரின் மனம் வேலையற்று உள்ளது. விரல்களில் தொழில் எஞ்சியுள்ளது. பயிற்சி தேவை."

"பயிற்சியா சார்? எதுக்கு?"

"சும்மா இருக்கதுக்கும்மா. ஆபீசுக்கு வாங்க. அங்க நாங்க படிச்சுக் குடுப்போம்."

இதைக் கேட்டு வேல்சாமி விழுந்து விழுந்து சிரித்தான். "ஏட்டி, மில்லுல ஒரு நிமிஷம் நின்னா மேஸ்திரி சீட்டைக் கிழிக்கான். ஒனக்கு நிக்கதுக்கே பள்ளிக்கூடமா! எனக்கும் ஒரு சீட்டுக் கேளு."

குருவம்மாள் போனாள். கண்ணாடி அலமாரி கண்ணுக்குள் நின்றதே, போகாமல் எப்படி இருப்பாள்?

அந்த ஆபீசில் ஒவ்வொருவரும் ஒரு வித்தையில் கெட்டிக்காரர். தலைமை எழுத்தர் காலையில் வந்ததும் தம் நாற்காலி முதுகில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு டீக்கடைக்கு இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு சாயந்தரம் வரை துண்டுதான் உத்தியோகம் பார்க்கும். யாராவது அவரைத் தேடி வந்தால் துண்டைப் பார்த்துவிட்டு, "இருக்காரு" என்று நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். டைப் அடிக்கிறவர் மிஷினில் ஒரு வெள்ளைத் தாளைச் சொருகி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வேலை வந்தால் தயார் என்று அர்த்தம். இன்னொருவர் முத்திரைப் பெட்டியைத் திறப்பார், மை காய்ந்திருக்கிறது என்பார், மூடுவார். மத்தியானத்துக்கு மேல் மறுபடி திறந்து பார்ப்பார். பொன்னுராஜுக்கு ஜன்னல். கீழே தெருவில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று கண் வைத்திருப்பார்.

குருவம்மாளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஞானதுரையே எதிரில் நின்று பாடம் எடுத்தார்.

"கவனிங்கம்மா. பல பேரு எங்களைச் சோம்பேறின்னு தப்பா நெனைக்காங்க. சோம்பேறி வேற, நாங்க வேற. சோம்பேறிக்கு வேலை இருக்குன்னு தெரியும், செய்யமாட்டான். அதனால அவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் இருக்கும். எங்களுக்கு அது கிடையாது. வேலை இருக்கான்னே நாங்க பாக்கமாட்டோம். பாத்தாத்தான உறுத்தும்? இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு தப்புச் செஞ்சேன்னு ஒருத்தரும் எம்மேல எழுதினது கிடையாது. எதையாவது செஞ்சாத்தானம்மா தப்பு வரும்?"

துண்டைத் தவிர எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் நாள் குருவம்மாள் பெஞ்சில் நெளிந்தாள். அடுத்தடுத்து வந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. கையை மடியில் வைப்பது, வைத்ததை மறப்பது, சுவர்க்காலண்டரில் ஒரே தேதியைப் பார்ப்பது, மணி என்ன என்று தெரிந்துகொண்டே மணி கேட்பது, எல்லாம் வந்துவிட்டது. ஆடி பாதியில் ஞானதுரை அவள் மடியில் ஃபைல் நாடாவை வைத்து ஒரு பொழுது பூராவும் சோதித்தார். நாடா நாடாவாகவே கிடந்தது. பொன்னுராஜ் கைதட்டினார். "பெறவியிலயே வேலையத்தவங்ககூட இம்புட்டு சுத்தமா இருக்கமாட்டாங்க சார்" என்றார்.

மண்டல இயக்குநர் ராஜரத்தினம் ஆடிக் கடைசியில் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார், மறுநாளே கடன் என்று சொல்லி அவளை அனுப்பினார்கள்.

சந்தோஷமாக வீடு வந்த குருவம்மாள், ஆசைக்கு ஒரே ஒரு முறுக்கு, யாருக்கும் தெரியாமல், என்று கொஞ்சம் மாவு பிசைந்தாள். எள், சீரகம், பெருங்காயம், வெண்ணெய் எல்லாம் கணக்காகப் போட்டாள். துணியை விரித்தாள். மாவை எடுத்து விரலில் வைத்தாள்.

விரல் அசையவில்லை.

மாவை வைத்துக்கொண்டு கை சும்மா இருந்தது. ஆபீஸில் இருந்த மாதிரியே, மரியாதையாக, அடக்கமாக இருந்தது. அவள் கெஞ்சினாள், அதட்டினாள், வெந்நீரில் முக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. வேல்சாமி ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் மாவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"கடை கெடைச்சு என்னங்க செய்ய? கண்ணாடி அலமாரிக்குள்ள எதை வைக்க? என் கையவா?"

வேல்சாமி அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டான். "சரியாயிரும்ட்டி. எனக்கும் மில்லுல ஸ்ட்ரைக் முடிஞ்சு போனா செத்த நேரம் கை ஓடாது" என்றான். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போது ஞானதுரை வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. அவர் மகளுக்கு ஏழாம் மாசம். நாகர்கோவிலில் சம்பந்தி வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோகவேண்டும். தட்டில் முறுக்குத்தான் ராஜா. அது சுற்று பிசகியோ உடைந்தோ இருந்தால் சம்பந்தியம்மாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பத் தட்டிலேயே வைத்துவிடுவாள். அந்த ஒன்றும் சொல்லாததற்குப் பெண்ணைப் பெற்றவள் ஆயுசு பூராவும் பதில் சொல்லவேண்டும். ஞானதுரையின் மனைவி ஜெயபாய் இதெல்லாம் அறிந்தவள். மகள் கல்யாணத்துக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டுச் சுற்றி வாங்கிய அதே ராஜபாளையத்துக் குருவம்மாள்தான் இதற்கும் சுற்றவேண்டும் என்று புருஷனை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். மறுநாள் காலையில் நாகர்கோவிலுக்குக் கார் சொல்லியாயிற்று.

குருவம்மாள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். "ஓடமாட்டேங்குதும்மா. ஐயாதான் படிச்சுக் குடுத்தாக."

ஜெயபாய் புருஷன் பக்கம் திரும்பினாள். "நெசமாவா?"

"நல்லாத் தேறிட்டாங்க ஜெயா. மண்டலத்துலயே முதல் இடம்" என்றார் ஞானதுரை, பெருமையை அடக்க முடியாமல்.

"ஏன்யா, ஒமக்கு வேலை செய்யத் தெரியலன்னா ஒம்மோட வச்சுக்கிடும்! நல்லாச் சுத்திக்கிட்டிருந்த பிள்ளை கையையும் ஒம்ம கை மாதிரி ஆக்கிட்டேரே! எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒம்ம ஆபீசுதான கெடுத்துச்சு, ஒம்ம ஆபீசே சுத்தட்டும்."

அப்படியாக மறுநாள் கார் சாயந்தரத்துக்குத் தள்ளிப்போடப்பட்டு, விடிந்ததும் மண்டலச் சுயதொழில் விழிப்பூட்டு அலுவலகம் முழுவதும் குருவம்மாள் வீட்டில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. தலைமை எழுத்தர் பழக்கதோஷத்தில் துண்டை மட்டும் போட்டுவிட்டு நழுவப் பார்த்தார். ஜெயபாய் அந்தத் துண்டாலேயே அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். குருவம்மாள் சுவரோரம் சும்மா உட்கார்ந்து வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தாள்.

"திருகுங்க சார். திருகிக்கிட்டே சுத்துங்க. ஐயோ, அது முறுக்கா? நத்தை மாதிரியில்ல இருக்கு!"

டைப் அடிக்கிறவர் சுற்றியது சாவித்துவாரம் மாதிரி வந்தது. முத்திரைக்காரர் மாவைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று மூடினார். பொன்னுராஜ் மாவோடு ஜன்னலைத் தேடினார்.

அன்றைக்குத்தான் இயக்குநர் ராஜரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூர் மாடிப்படி ஏறினார். கதவு பூட்டியிருந்தது. கீழே டீக்கடையில் விசாரித்தார். "எல்லாரும் ராஜபாளையத்துக்கு முறுக்கு சுத்தப் போயிருக்காக" என்றார்கள். ஜீப்பைத் திருப்பினார்.

ஜீப் சத்தம் கேட்டு ஞானதுரை எழுந்து நின்றபோது, அவர் உள்ளங்கை இரண்டிலும் மாவு. இயக்குநர் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்த குருவம்மாளிடம் வந்து கண் நின்றது.

"இந்த அம்மாதான் மனுதாரரா?"

"ஆமா சார்" என்றார் ஞானதுரை, ஈனக்குரலில்.

இயக்குநர் பிரசங்கம் செய்து பழகியவர். தொண்டையைச் செருமினார். "நான் எத்தனையோ ஆபீஸைப் பார்த்தவன். ஆனால் சுற்றிலும் இத்தனை பேர் பாடுபடுகிறபோது, நடுவில் ஒருவர் இவ்வளவு அமைதியாக, ஒரு சின்ன ஒத்தாசைகூடச் செய்யாமல் உட்கார்ந்திருப்பதை எங்கள் தலைமை அலுவலகத்துக்கு வெளியே இன்றைக்குத்தான் காண்கிறேன். இதுதான் தகுதி! பொன்னுராஜ், பேனா."

பேனா வந்தது. மூடி கழன்றது. காகிதத்தின் மேல் இறங்கப்போனது.

அந்த நேரத்தில் ஞானதுரை, பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், தாம் சுற்றிய ஒன்றைத் தட்டில் வைத்தார். அது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. மேலே யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒன்று. குருவம்மாள் அதைப் பார்த்தாள். நாகர்கோவிலில் அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் மாமியாருக்குப் பின்னால் நின்று தட்டை எட்டிப் பார்ப்பது அவள் கண்ணில் பட்டது. மாமியார் அதைக் கையில் எடுப்பதும், ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைப்பதும் பட்டது.

"அதை எடுங்க சார் அந்தப் பக்கம்!" என்று எழுந்துவிட்டாள்.

கை எப்போது மாவுக்குப் போனது, எப்போது திருகியது என்று அவளுக்கே தெரியாது. துணிமேல் ஏழு சுற்று இறங்கியிருந்தது. மெழுகு பிடித்து வைத்த மாதிரி ஒரே சீராக இருந்தது. லீவு போட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த வேல்சாமி "ஏட்டி!" என்று கத்தினான். ஜெயபாய், "ஏசுவே!" என்று கண்ணைத் துடைத்தாள்.

இயக்குநர் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி, "அம்மா, கையை எடுங்க. ஒரே நிமிஷம் சும்மா இருங்க. கையெழுத்துப் போட்டுடுறேன். பொறவு என்ன வேணாச் செய்யுங்க" என்றார். பதற்றத்தில் அவருக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

குருவம்மாள் பேனாவைப் பார்த்தாள். கண்ணாடி அலமாரி கண்ணுக்குள் ஒருதரம் பளபளத்தது. விரலைப் பார்த்தாள். அது அடுத்த முறுக்குக்குப் போய்விட்டிருந்தது.

"முடியாது சார். இப்பத்தான் ஓடுது. நிறுத்துனா மறுபடி நின்னுரும்" என்றவள், திரும்பி, "டைப்பு சார், மாவை ஈரத்துணி போட்டு மூடுங்க. பொன்னுராஜ் சார், எள்ளு எடுங்க. ஐயா, நீங்க எதையும் தொடவே வேண்டாம், அப்படிப் போய் ஒக்காருங்க" என்று உத்தரவு போட்டாள். ஆபீஸ் அப்படியே ஓடியது.

இயக்குநர் சுற்றிலும் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார். "மனு தள்ளுபடி. சும்மா இல்லாதது மட்டுமில்லம்மா. இத்தனை பேரை வச்சு வேலை வாங்குறீங்க. இது சுயதொழிலே இல்ல. இது தொழிற்சாலை. தொழிலதிபருக்கு எங்க துறையில எதுவும் கிடையாது. எழுதிக்கோய்யா ஞானதுரை."

"கையில மாவு சார்" என்றார் ஞானதுரை.

வாசலில் யாரோ இருமினார்கள். அறைக்காரர் ஐயாதுரை. லாட்டரிச் சீட்டுக்காரன் வந்துவிட்டான், இனிப் பொறுக்க முடியாது என்று நேரில் சொல்லிவிட்டுப் போகக் கொஞ்சம் முன்பே வந்து நின்றவர். சர்க்கார் ஜீப் நிற்பதையும், ஆபீசர்கள் எல்லாம் வேர்த்து வடிய முறுக்குக்கு எடுபிடி வேலை செய்வதையும், பேனாவும் கையுமாக ஒரு பெரிய மனிதர் குருவம்மாளிடம் கெஞ்சியதையும் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை விட்டுவிட்டார். மடியிலிருந்த சாவியை எடுத்தார்.

"தாயி, கவர்மெண்டே ஒங்கிட்ட வேலைக்கு நிக்கி. அட்வான்ஸ் கெடக்கட்டும், மெல்லக் குடு. இந்தா, ஆவணி மொத வெள்ளிக்கிழமை நல்லநாள், கடையைத் தொறந்துரு" என்று சாவியை வேல்சாமி கையில் வைத்தார்.

குருவம்மாள் அப்போதும் கையை நிறுத்தவில்லை. கண் மட்டும் நிறைந்தது.

இயக்குநர் காகிதத்தை அவள் முன்னால் நீட்டினார். மனு தள்ளுபடியானதை அறிந்துகொண்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் துறைக்குக் கணக்கு முடியும்.

"செத்த இருங்க சார், எண்ணெ காயுது. மொதல் ஈடு போட்டுட்டு வாரேன்" என்றாள் குருவம்மாள்.

அவர் ஓலைப்பெட்டியின் மேல் உட்காரப் போனார். ஜெயபாய் ஒரு அதட்டு அதட்டினாள். ஓரமாகக் கிடந்த உரலின் மேல் உட்கார்ந்து, பேனாவை மூடி, பையில் வைத்துக்கொண்டார். எண்ணெய் காய்கிற வரைக்கும் அரசாங்கம் அங்கே காத்திருந்தது.